பெல்ட் துண்டில் அடைத்த கறி

ரசம் குடித்தால் இடது கன்னத்தின் உட்புறம் எரிந்தது. அதுதான் ஆரம்பம். "மிளகைக் குறைச்சுப் போடுன்னா கேக்கறியா?" என்று என் மனைவி மல்லிகாவிடம் மூன்று மாதம் கத்தினேன். பிறகுதான் வாய் முழுதாகத் திறக்கவில்லை என்பதே எனக்கு உறைத்தது.

நான் நெய்வேலிச் சுரங்கத்தில், நிலக்கரியைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட் அறுந்தால் ஒட்டுகிற பிரிவில் இருந்தவன். உள்ளே பீடி பற்றவைக்க முடியாது, நிலக்கரியில் தீப்பிடித்துக்கொள்ளும். அதனால் ஷிஃப்ட் முழுக்கப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வோம். இருபத்தாறு வருஷம் அடக்கினேன். யாரும் என் வாயில் திணிக்கவில்லை.

வாய்ப்புற்று என்றார்கள். பாண்டிச்சேரியில் அறுவை சிகிச்சை. கன்னத்தையும் தாடையில் ஒரு பகுதியையும் எடுத்துவிட்டு, மார்புச் சதையைத் திருப்பி வாய்க்குள் வைத்துத் தைத்தார்கள். அடுத்து கதிர்வீச்சு (புற்றணுக்களைக் கதிரால் பொசுக்குவது). சாப்பாடு மூக்குக் குழாயில் (மூக்கு வழியாக இரைப்பை வரை செல்லும் மெல்லிய குழாய்). மல்லிகா கஞ்சியை வடிகட்டி, ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றுவாள். பசி தீரும். சாப்பிட்ட மாதிரியே இருக்காது.

வீட்டில் ராணி என்று ஒரு நாய். மகள் கல்யாணமாகி பெங்களூர் போன பிறகு, மல்லிகா குட்டியிலிருந்து வளர்த்தது. நான் படுத்திருந்தால் வந்து தையலை மோந்து பார்க்கும், நக்க வரும். "நாய் கிட்டயே வரக் கூடாதுங்க, புண்ணு சீழ் பிடிச்சிடும்" என்றார் டாக்டர். மகள் ஒரு ரப்பர் பொம்மை அனுப்பினாள். உள்ளே குடைவாக இருக்கும். அதில் சோற்றைத் திணித்துக் கொடுத்தால், கடித்தும் நக்கியும் வெளியே எடுத்துத் தின்ன நாய்க்கு ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை நம் பக்கம் வராது. மல்லிகா பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் கிளம்பிய பிறகு அடைத்துக் கொடுப்பது என் வேலை.

கறிச்சோறு, கருவாடு, முட்டை என்று நான் ஆசையாகத் தின்றதையெல்லாம் அடைத்தேன். ராணி சப்புக்கொட்டித் தின்னும். மூக்கில் குழாயோடு எதிரே உட்கார்ந்திருப்பேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஒரு நாயைப் பார்த்து.

அதனால் இறுக்கி அடைத்தேன். ஃப்ரீசரில் வைத்துக் கல்லாக்கிக் கொடுத்தேன். அது முனகிக்கொண்டு என் முகத்தைப் பார்க்கும். கஷ்டப்படு, நான் படவில்லையா என்று நினைத்துக்கொள்வேன்.

பொம்மை கிழிந்தது. எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸில் பாதி வீட்டு வாசலில் மிதியடியாகக் கிடப்பது பழைய கன்வேயர் பெல்ட்தான். எங்கள் வாசலிலும் ஒன்று கிடந்தது. உள்ளே கம்பி வைத்த பெல்ட் உண்டு, நைலான் துணி வைத்ததும் உண்டு. இது துணி, கம்பி இல்லை, ஆபத்தில்லை என்று நினைத்தேன். பெல்ட்காரன் புத்தி அது. ஒரு துண்டை அறுத்துச் சுருட்டி, நடுவில் கறியை வைத்து, இரண்டு முனையிலும் போல்ட் போட்டு முறுக்கினேன். வாசனை வரும், கறி வராது. வரக் கூடாதென்றுதான் முறுக்கினேன்.

இரண்டு வாரம் ராணி அதைக் கடித்துக்கொண்டே கிடந்தது. தினமும் புதுக் கறி வைத்து முறுக்குவேன், மல்லிகா வருவதற்குள் எடுத்து வைத்துவிடுவேன். பிறகு சாப்பாட்டைத் தொடவில்லை, தண்ணீரையும் வாந்தி எடுத்தது. எனக்குத் துணைக்கு ஒரு ஆள் கிடைத்த மாதிரி இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

குறிஞ்சிப்பாடியில் கால்நடை மருத்துவர் வயிற்றைத் திறந்து பார்த்தார். நைலான் நூல்கள் குடலுக்குள் ஓடி, நாடாவை இழுத்தால் பாவாடை சுருங்குகிற மாதிரி குடலைச் சுருக்கியிருந்தன. "பல இடத்துல அறுந்துபோச்சும்மா" என்றார் மல்லிகாவிடம். மறுநாள் முற்பகல் ராணி செத்துப்போனது.

"அதுக்கு என்னதான் குடுத்தீங்க?"

"கறி. எடுக்க முடியாத மாதிரி வச்சேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அன்றைக்கும் நேரத்துக்குக் கஞ்சி ஏற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அதற்குப் பதில் என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

குழாயோடு படுத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எரியும், வலிக்கும் என்பதையெல்லாம் டாக்டர் சொல்லிவிடுவார். அடுத்தவர் வாய் அசைவதைப் பார்த்தால் வருகிற வெறியை யாரும் சொல்ல மாட்டார்கள். அது வந்த அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். கேவலமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

ஐஸ் குச்சிகளை மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே ஒவ்வொன்றாகக் கூட்டி அடுக்கிப் பழகியதில் வாய் இரண்டு விரல் அளவு திறந்தது. குழாயை எடுத்துவிட்டார்கள். "இனிமே குடும்பத்தோட உக்காந்து சாப்பிடலாம் சார்" என்றார் டாக்டர், சந்தோஷமாக.

முன்பு ஷிஃப்ட் பஸ்ஸுக்கு ஓடும்போது ஆறு இட்லியை ஐந்து நிமிஷத்தில் முழுங்குவேன். இப்போது ஒன்றுக்கு முக்கால் மணி நேரம். எச்சில் ஊறுவதில்லை, ருசி தெரிவதில்லை. உள்ளே தைத்த சதையில் இட்லி பட்டால் மார்பில் யாரோ தொட்ட மாதிரி இருக்கிறது.

மல்லிகா தட்டை வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் மென்று முடித்துக் கை கழுவுகிற சத்தம் கேட்ட பிறகுதான் திறக்கிறாள்.