மேனேஜர் தேர்ந்தெடுத்த கம்ப்யூட்டர்

மேனேஜர் தினமும் காலையில் அந்தக் கம்ப்யூட்டரின் திரையைத் தன் கைக்குட்டையால் துடைப்பார். திரையை மட்டும்தான். கீபோர்டைத் தொடமாட்டார், அதில் மற்றவர்களுடைய விரல் பட்டிருக்கிறதாம். துடைத்து முடித்ததும் வாசற்படிவரை பின்பக்கமாகவே நடந்துபோய், முதலாளி உள்ளே வரும்போது அது எப்படித் தெரியும் என்று அங்கிருந்து ஒருமுறை பார்ப்பார். வெள்ளை நிறம், மெல்லிய உடம்பு. தனியாகப் பெட்டி கிடையாது, உறுப்புகள் எல்லாம் திரைக்குப் பின்னாலேயே அடக்கம். ஆல்-இன்-ஒன் என்று அதற்குப் பெயர். அதில் அவர் ஒருநாளும் ஒரு வரிகூட அடித்ததில்லை. நான் வேலை பார்த்த இடங்களில் எத்தனையோ பேரைப் பிடிக்காமல் போயிருக்கிறது. ஆனால் அவரை நான் இகழ்ந்ததுபோல் இன்னொருவரை இகழ்ந்ததில்லை.

எங்கள் ஆபீஸ் ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஒரு மாடியில் இருந்தது. ஏற்றுமதி செய்கிறவர்களுக்காகச் சுங்க இலாகாவில் பத்திரம் தாக்கல் செய்து கொடுப்பது தொழில். என்ன சரக்கு, எத்தனை பெட்டி, எவ்வளவு எடை, எந்தக் கப்பல் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஸ்கேன் செய்த காகிதங்களையும் சேர்த்து அனுப்பினால்தான் கண்டெய்னரைத் துறைமுக வாசலுக்குள் விடுவார்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கெடு உண்டு. அது தாண்டினால் சரக்கு கரையிலேயே நிற்கும். இந்த வேலையைச் செய்துவந்தவர் ஒரு அக்கா. கல்மண்டபத்துக்காரர், கணவர் ரயில்வேயில் இருந்தார். பத்து வருடத்துக்கு மேல் அதே நாற்காலியில் உட்கார்ந்தவர், எடையில் ஒரு புள்ளி தவறவிட்டு நான் பார்த்ததில்லை. நான் கம்ப்யூட்டர் ஹார்டுவேர் படித்துவிட்டு அங்கே சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டதும், புதிதாக ஒன்று வாங்க முதலாளி ஒரு சிறிய தொகையை ஒதுக்கினார். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மேனேஜருக்கு. கூட வர நான். கிளம்பும்போது அக்கா என்னைக் கூப்பிட்டு, “எனுக்கு அழகெல்லாம் வாணாம்பா. நாலு ஃபைலை ஒண்ணா தொறந்தா தொங்காம ஓடணும், அவ்ளோதான்” என்றார். மேனேஜர் காதிலும் அது விழுந்தது. ஆட்டோவில் போகும்போது, டைப் அடிக்கிறவர்கள் எல்லாம் இப்போது இன்ஜினியர் ஆகிவிட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் தன் மேஜையில்தான் கிடக்கிறது என்பதையும் பேச்சுவாக்கில் சொன்னார்.

வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைகளுக்கு நடுவே இருந்த ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்கள் தொகைக்குள் வருகிற இரண்டை மட்டும் எடுத்து வைத்தார். ஒன்று கறுப்புப் பெட்டி, பழைய ஜாடை, பக்கத்தில் தனித் திரை. உள்ளே வேகமான எஸ்.எஸ்.டி. டிஸ்க், எட்டு ஜி.பி. ராம், பிற்பாடு கூட்டிக்கொள்ள இடமும் இருந்தது. இன்னொன்று இந்த வெள்ளை. ராம் அதில் பாதி, சுழல்கிற பழைய வகை ஹார்ட் டிஸ்க், எதையும் கூட்ட முடியாது. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆபீஸ் வேலை என்றால் கறுப்பைக் கொண்டுபோங்கள் என்று கடைக்காரரே சொன்னார். மேனேஜர் கறுப்புப் பெட்டியைப் பார்த்தது அரை நிமிடம் இருக்கும். வெள்ளையை முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று சுற்றிச்சுற்றிப் பார்த்தார். மேஜை ஓரத்தில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று சாண் போட்டு அளந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கல்யாணத்துக்கு ஷெர்வானி எடுக்க வந்தவரைப்போல இருந்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, “நீதானேப்பா படிச்சவன், இது நம்ம வேலைக்குப் போதுமில்ல?” என்றார்.

“போதும் சார்” என்றேன்.

அதற்குப் பிறகு அக்கா பட்ட பாட்டை நான் தினமும் பக்கத்திலிருந்து பார்த்தேன். காலையில் அதைப் போட்டுவிட்டுப் போய் முகம் கழுவி, தண்ணீர் பிடித்து வருவார். அப்போதும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு ஃபைலைத் திறந்தாலே மூச்சு வாங்கும். மேனேஜரிடம் சொன்னால், புதிய மெஷினுக்குக் கை பழகவேண்டும் என்பார். வருகிற வாடிக்கையாளர்களிடம் மட்டும் அதைக் காட்டி, எங்கள் ஆபீஸ் முழுக்க நவீனமாகிவிட்டது என்று பெருமையடிப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அது நடந்தது. எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் இரும்பு வார்ப்புச் சரக்கு. லாரி எண்ணூர் சாலையில் வரிசையில் நின்றது, டிரைவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் செய்தார். ஸ்கேன் காகிதங்களைச் சேர்க்கும்போது கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. அக்கா காத்துப் பார்த்தார், பிறகு அணைத்துப் போட்டார். அது எழுந்ததும் எழாததுமாக அப்டேட் என்று ஆரம்பித்து, சதவீதத்தை நத்தைபோல் ஏற்றியது. அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்தார். பத்திரம் போய்ச் சேர்ந்தபோது கெடு தாண்டிவிட்டது. கப்பல் அந்தக் கண்டெய்னர் இல்லாமல் போயிற்று. அந்த வாடிக்கையாளரும் எங்களை விட்டுப் போனார்.

மேனேஜர் முதலாளியிடம், அந்த அம்மாவுக்கு வேகம் போய்விட்டது, புதிய மெஷின் பிடிபடவில்லை என்று சொன்னார். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. முதலாளி நியாயஸ்தர்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மெஷினில் ஏதாவது கோளாறு உண்டா என்று கேட்டார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் மேனேஜர் நின்றிருந்தார். மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அடுத்த வாரம் அக்காவை அனுப்பிவிட்டார்கள். டிராயரிலிருந்து அந்தோணியார் படத்தையும் ஒரு சின்னத் துண்டையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். என்னிடமும். அந்த மாதமே என் வேலை நிரந்தரமானது.

மேனேஜர் பிறகு வேறொரு பெரிய கம்பெனிக்குத் தாவினார். இப்போது நிர்வாகத்தில் தொழில்நுட்பத்தின் பங்கு பற்றி வாட்ஸாப்பில் நீளநீளமாக எழுதுகிறார். ஒவ்வொன்றையும் படித்துவிட்டு மனசுக்குள் காறித் துப்புவேன். அவர் போன மறுவாரமே வெள்ளையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டுக் கறுப்புப் பெட்டி ஒன்று வாங்கினேன். அந்த இகழ்ச்சியில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஆபீஸ் பிரிண்டர் பழுதாகி, அவசரமாகச் சில காகிதங்களைப் பிரிண்ட் எடுக்கக் கல்மண்டபத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தேன். உள்ளே அக்கா; வீட்டு முன்னறையில் அவரே போட்ட கடை. தலை நரைத்திருந்தது. ஆன்லைன் விண்ணப்பம் போட ஐந்தாறு பேர் நின்றார்கள். மேஜைக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி. நான் பேச்சை அதில்தான் தொடங்கினேன். நல்ல மெஷின், யார் எடுத்துக் கொடுத்தது என்று கேட்டேன். தானே எடுத்ததாகச் சொன்னார். கனமான ஃபைலாக நாலு பொறுக்கிப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு மூன்று கடை ஏறியிருக்கிறார். ஒவ்வொரு கடையிலும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நாலையும் ஒன்றாகத் திறக்கச் சொல்லி எத்தனை நேரம் ஆகிறது என்று பார்த்திருக்கிறார். “ரிப்பேர் ஆச்சுன்னா நீ வூட்டாண்ட வந்து பாப்பியா, இல்ல நான் தூக்கிகினு வரணுமா” என்று கேட்டு, வருகிறேன் என்றவரிடம் வாங்கினாராம்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவரைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு மேனேஜரைப் பேச்சுக்கு இழுத்தேன். சாண் போட்டு அளந்ததையும் வாசலில் நின்று பார்த்ததையும் நடித்துக் காட்டினேன், முட்டாள் என்றேன், இன்னும் மோசமாகவும் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. என் தாள்களை அடுக்கி ஸ்டேப்ளர் அடித்தபடி, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

“அந்தாளுக்கு இன்னா தெரியும்? வெள்ளையா இருந்துச்சு, வாங்கிகினு வந்துட்டான். நீ படிச்சவன். உனுக்குத் தெரியும்ல.”

சொன்ன கையோடு எனக்குப் பின்னால் நின்ற பெண்ணிடம் ஆதார் அட்டையைக் கேட்டுவிட்டார். தாள்களை என் கையில் கொடுக்கவில்லை. மேஜையின் ஓரத்தில், எடுத்துக்கொள்ளட்டும் என்பதுபோல வைத்தார்.