வெந்நீரில் போட்ட மருந்து

வீட்டிலேயே இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று டிவியில் சொன்னவர்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் இல்லை. பதினோரு வயதிலிருந்து எனக்குச் சர்க்கரை. தினமும் இன்சுலின் ஊசி போடாவிட்டால் செத்துப்போவேன். மருந்து பாட்டில் எதிர்வீட்டு அத்தையின் ஃபிரிட்ஜில், தோசை மாவுக்குப் பக்கத்தில் இருக்கும். காலையும் சாயங்காலமும் அங்கே போய்ப் போட்டுக்கொண்டு வருவேன்.

கொரோனா வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். படிப்புக்காகப் பக்கத்து ஊர் பெருநகருக்குச் சைக்கிள் மிதிப்பதும் நின்றது. சும்மா உட்கார்ந்தே கிடந்ததில் சர்க்கரை ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு மாமாவுக்குக் கொரோனா. அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, வாசலை மறித்துத் தகரம் அடித்தார்கள். அத்தை உள்ளே. என் மருந்தும் உள்ளே.

அத்தை பாட்டிலைப் பையில் போட்டு, மாங்காய் பறிக்கிற துரட்டியில் மாட்டித் தகரத்துக்கு மேலே நீட்டினாள். காவலுக்கு நின்றவன் கத்தினான்.

"இன்னாம்மா பண்ணிக்கினு கீறே? உள்ள போ!"

"ஆங், உனக்குப் பொண்ணு பாத்துக்கினு கீறேன். கொயந்த மருந்துடா இது. நீயே வாங்கிக் குடு, வா."

அவன் பத்தடி பின்னால் போனான். நான் கையை நீட்டினேன். அம்மா தட்டிவிட்டாள்.

"தொடாத! அந்த வூட்டுப் பொருள்."

முந்தானையால் பையைப் பிடித்துக்கொண்டு போய், அடுப்பில் மஞ்சள் போட்டுக் கொதித்த வெந்நீரில் பாட்டிலைப் போட்டாள். பால் பாக்கெட், காய்கறி, சில்லறைக் காசு, எல்லாவற்றையும் அப்போது அப்படித்தான் செய்தாள். சூடு பட்டால் இன்சுலின் கெட்டுப்போகும் என்று டாக்டர் எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அந்த மருந்தையே போட்டுக்கொண்டேன். மறுநாளும் போட்டுக்கொண்டேன். குடிக்கக் குடிக்கத் தாகம். மூன்றாம் நாள் காலையில் வாந்தி. மூச்சு வாங்கியது. சொன்னால் என்னையும் தனியாக ஏற்றிக்கொண்டு போவார்கள், திரும்பி வரமாட்டேன் என்று போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். அம்மா போர்வையை இழுத்தாள்.

"ஐயோ, ஒட்டிக்கிச்சே!"

பையைக் கையால் தொடாதவள் என்னைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். அப்பா பைக்கை எடுத்தார். நடுவில் நான், பின்னால் அம்மா. வழியில் போலீஸ்காரர் மறித்தார். அவர் பூட்ஸ் மேலேயே வாந்தியெடுத்தேன். விட்டுவிட்டார்.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். மெஷினில் நம்பரே வரவில்லை, அவ்வளவு சர்க்கரை. ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டே நர்ஸ் கேட்டார்.

"மூச்சு வாங்குறது சர்க்கரையாலதான். தினமும் ஊசி போட்டும் இப்படின்னா மருந்து கெட்டுப்போயிருக்கணும். எங்க வச்சிருந்தீங்க?"

"எதிர்வூட்டு ஃபிரிட்ஜிலதாம்மா. அவ இன்னா பண்ணித் தொலைச்சாளோ" என்றாள் அம்மா.

அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"நீதானே வெந்நீர்ல போட்டே?"

அம்மா என்னைப் பார்த்தாள். "நீ பாத்துக்கினுதானே இருந்தே? அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"நீ தொடாதன்னதும் எனக்கும் அந்தப் பாட்டிலத் தொட பயமா இருந்திச்சு."

நான்கு வருஷமாக அத்தை தன் கையால் எடுத்துக் கொடுத்த பாட்டில் அது. மருந்து ஏன் கெட்டது என்று அத்தை பிறகு எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். இன்னும் நான் சொல்லவில்லை.