தூரலேக்காரியின் சிநேகம்

எங்கள் ஊர் ஓர்தானியில் தொலைபேசி ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அது என் அத்தை கொனாரியாவின் பலசரக்குக் கடை. மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட மரக்கூண்டு. கடல் தாண்டி ஜெனோவாவுக்கோ தூரினுக்கோ பேச வந்தவர்களை அதற்குள் அனுப்பிவிட்டு அத்தை இணைப்புக் கொடுப்பாள். கொடுத்த பிறகும் காதில் மாட்டியதைக் கழற்ற மாட்டாள். இது ஊருக்கே தெரியும். பதினோரு வருடம் அப்படிக் கேட்டுக் கேட்டு, மனிதர்கள் தெருவில் பேசுவது ஒன்று, கூண்டுக்குள் பேசுவது இன்னொன்று என்று அவளுக்குப் பட்டுவிட்டது. யாராவது அவளைப் பார்த்துச் சிரித்தால்கூட, எதற்கு இந்தச் சிரிப்பு என்று யோசிப்பாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் 1961 மே மாதம் தூரலேயிலிருந்து மல்லேனா வந்து நின்றாள். ஆட்டு மந்தைக்காரன் பெண்டாட்டி, ஐம்பது வயது இருக்கும். கையில் முளைவிட்ட கோதுமைத் தொட்டி.

"இந்த வருஷம் என்கூட நெருப்பு தாண்டுறியா?" என்று கேட்டாள்.

தூரலே ஏழே கிலோமீட்டர். மேட்டு மேய்ச்சலில் இருக்கும் ஊற்று யாருடையது என்று இரண்டு ஊருக்கும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் ஜூனில் வரும் புனித யோவான் திருநாளுக்கு முந்தின சாயங்காலம் இரண்டு ஊரும் ஒரே நெருப்பைச் சுற்றித்தான் ஆடும். ஒரு கைக்குட்டையின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு மூன்று தரம் அந்த நெருப்பைத் தாண்டியவர்கள் ஆயுசுக்கும் சிநேகம். அதன் பிறகு நீ, வா, போ கிடையாது. பெண்கள் ஒருவரையொருவர் 'கொமாரே' என்றுதான் கூப்பிட வேண்டும். முளைத்தொட்டியோடு வந்து கேட்பவளை மறுப்பது அவமானப்படுத்துவது மாதிரி. அத்தை தலையாட்டிவிட்டாள்.

என் அப்பா பகீஸியோ அவளுடைய தம்பி. விஷயம் கேட்டதும் அவர் விட்ட முதல் கேள்வி, "ஏன்க்கா, கேஸ் நடக்கறப்போ தூரலேக்காரிக்கு உன்மேல திடீர்னு என்ன பாசம்? நம்ம வக்கீல் உன் கடைக்குத்தானே போன் பண்றாரு?"

அத்தையும் அதையேதான் நினைத்திருந்தாள்.

தாண்டினார்கள். அதற்குப் பிறகு வியாழக்கிழமைதோறும் மல்லேனா பாலாடைக்கட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். மாவு மூட்டைமேல் உட்கார்ந்து ஆடு, மழை, புருஷன் உடம்பு என்று பேசுவாள். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் அவள் கண் அடிக்கடி கூண்டுப் பக்கம் போவதை அத்தை கவனித்தாள்.

ஆகஸ்டில் அத்தை ஒரு பொய்யைப் போட்டுப் பார்த்தாள். வக்கீல் படுத்த படுக்கையாகிவிட்டார், வழக்கைக் கைவிடப் போகிறார்கள் என்று மல்லேனா காதில் மட்டும் ஓதினாள். அப்பா மூன்று வாரம் தூரலே மதுக்கடையில் போய் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒரு பேச்சும் எழவில்லை. வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாகியிருப்பார்கள். அத்தையோ, இவள் சாதாரணப்பட்டவள் இல்லை, பொறுத்து அடிப்பவள் என்று முடிவு செய்தாள். இன்னும் பெரிய பொய்யாக ஒன்று சொன்னாள். அதுவும் கிணற்றில் போட்ட கல்.

அக்டோபரில் ஒரு வியாழன், நல்ல மழை. கடையில் வேறு யாரும் இல்லை. மல்லேனா மூட்டையைவிட்டு எழுந்தாள்.

"உங்க போனுக்காகத்தான் வந்தேன், கொமாரே."

அந்த நிமிஷம் கோபம் வரவில்லை, நினைத்தது சரியாகிவிட்ட திருப்திதான் வந்தது என்று அத்தை பின்னால் என்னிடம் சொன்னாள். மல்லேனா ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்தாள். ஜெனோவா எண். மகள் ரிமேதியா இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு போலீஸ்காரனோடு போய்விட்டாள். போலீஸைப் பகையாளியாகவே பார்க்கும் ஆட்டுக்காரன் வீட்டில் அதைவிடக் கேவலம் கிடையாது. அவள் பெயரையே எடுக்கக் கூடாது என்று அப்பன் சொல்லிவிட்டான். தூரலே தொலைபேசியில் உட்கார்ந்திருப்பதோ அவனுடைய தங்கை.

"அப்போ மே மாசமே கேட்டிருக்கலாமே?"

"நீங்க ஒட்டுக் கேப்பீங்கன்னு எங்க ஊருக்கும் தெரியும். வாய் எப்படின்னு நான் பாக்க வேணாமா? ஜூலைல எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலின்னு சொன்னேனே, பொய். சந்தைல ஒருத்தர்கூட அவரை விசாரிக்கல." காகிதத்தை நீட்டினாள். "உங்க வக்கீல் நல்லாத்தானே இருக்காரு?"

"நல்லாத்தான் இருக்காரு" என்றாள் அத்தை. காகிதத்தை வாங்கி எண்ணைப் போட்டாள்.

இணைப்புக் கிடைத்ததும் அத்தை காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்க் கூரைச் சாரலில் நின்றாள். எட்டு நிமிஷம். மகள், ஜெனோவா எல்லாம் கதையாக இருந்து, உள்ளே ஊற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால்? இரண்டு தரம் வாசல்படிவரை போய்த் திரும்பினாள். கண்ணாடி வழியே பார்த்தபோது மல்லேனா எதுவுமே பேசவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடி, கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த திருநாளுக்கு ரிமேதியா கைக்குழந்தையோடு வந்து அத்தை வீட்டில் தங்கினாள். அம்மாவும் மகளும் அங்கேதான் பார்த்துக்கொண்டார்கள். வருடாவருடம் அப்படியே நடந்தது. நாலாவது வருடம் மல்லேனாவின் புருஷனே ஓர் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றான். மகள் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பேரனை மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். மல்லேனா அழுதாள்.

அத்தை மட்டும், எதற்கு இந்த ஆட்டுக்குட்டி என்று யோசித்தபடி சமையலறைக் கதவோரம் நின்று, அவன் சாப்பிட்டு எழும்வரை அவன் கைகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.