தெருவிலேயே சுத்தமான வீடு

ஆரணியில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்தில் நான் ஊசி போட்டதைவிடக் குனிந்து பார்த்ததுதான் அதிகம். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மாடியில் கிடக்கும் டயர், பூந்தொட்டி என்று தண்ணீர் நிற்கும் இடமெல்லாம் கொசுப்புழு தேடுவதும் எங்கள் வேலைதான். காலையில் கண்ணமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினால், சாயங்காலத்துக்குள் இடுப்பு கழன்றுவிடும்.

அந்த வருஷம் பட்டு நெய்கிறவர்கள் இருக்கும் ஒரு தெருவில் மட்டும் காய்ச்சல் விடாமல் வந்துகொண்டிருந்தது. பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. எல்லா வீட்டையும் அலசிவிட்டோம், ஒன்றைத் தவிர. அந்த வீட்டு அம்மா என்னை வாசற்படி தாண்ட விடமாட்டார்.

"இன்னா நர்சம்மா, எங்கூட்ல வந்து கொசு தேடிகினு கீறீங்க? காலைல ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா தண்ணி ஊத்தி கழுவறேன். எதிர் வூட்ல போய் பாருங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. தரை முகம் பார்க்கிற மாதிரி இருக்கும். ஒரு வீடு குறைந்தால் நல்லதுதான் என்று நானும் எதிர் வீட்டுக்குப் போய்விடுவேன்.

பிறகு ஒருநாள் அவரே என்னைத் தேடிக்கொண்டு ஓடிவந்தார். மருமகளுக்கு ஏழாம் மாதம், ராத்திரியிலிருந்து காய்ச்சல். முதல்முறையாக அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். கட்டிலில் படுத்திருந்த பெண்ணுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. நான் தரையில் உட்கார்ந்து ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது கணுக்காலில் சுருக்கென்று கடித்தது. தட்டினேன். காலில் வெள்ளைக் கோடு போட்ட பகல் கொசு. அடுத்தது கட்டிலுக்கு அடியில் கிடந்த பலகையின் இடுக்கிலிருந்து பறந்து வந்தது.

"இதுக்குக் கீழ என்னம்மா இருக்கு?"

"ஒண்ணுமில்லயே. பழைய தறிக்குழி. தறிய பின்னாடி ரூமுக்கு மாத்திட்டோம், அதான் பலகை போட்டு மூடிகீறோம்."

அவர் மகன் கட்டிலை நகர்த்திப் பலகையைத் தூக்கினார். விளிம்பில் உட்கார்ந்து உள்ளே கால் தொங்கவிட்டு நெய்வதற்காகச் சிமெண்ட் பூசிய பள்ளம் அது. அதில் பாதிக்குத் தண்ணீர். கழுவிவிட்ட தண்ணீரெல்லாம் பலகை இடுக்கு வழியாக இறங்கி, தெளிந்து, இருட்டில் ஜில்லென்று நின்றிருந்தது. போனில் டார்ச் போட்டதும் புழுக்கள் ஆயிரக்கணக்கில் நெளிந்தன. அந்தக் கொசுவுக்கு வேண்டியது இப்படி ஓர் இடம்தான்.

அந்த அம்மா வாயில் கைவைத்தபடி நின்றார். குழியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, மருமகளை ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். போகிற வழியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஊத்தன தண்ணியா நர்சம்மா?"

"தண்ணி மேல தப்பில்லம்மா. பலகைல சந்து இருந்துது, அவ்ளோதான்" என்றேன். அவர் அழுதுகொண்டே சிரித்துவிட்டார். எனக்கும் உள்ளுக்குள் குறுகுறுத்தது. கொஞ்சம் பிடிவாதமாக முன்பே உள்ளே போயிருக்கலாம்.

அந்தப் பெண் ஒரு வாரம் போலப் படுத்திருந்தாள். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்தன, பிறகு மெல்ல ஏறின. நாங்கள் குழியை இறைத்து மருந்து தெளித்தோம். அந்த அம்மாவின் மகன் மண் கொட்டி நிரப்பி மேலே டைல்ஸ் போட்டுவிட்டார். தெருவில் இன்னும் சில வீடுகளில் பீரோவுக்கு அடியிலும் டிவி ஸ்டாண்டுக்கு அடியிலும் இதே மாதிரி குழிகள் மூடிக் கிடந்தன. அவற்றையும் திறந்து தூர்த்தபிறகு காய்ச்சல் படிப்படியாக அடங்கியது. குழந்தை சுகமாகப் பிறந்தது, பெண் குழந்தை, நல்ல குரல்.

அதன்பிறகு என் வேலையில் பாதியை அந்த அம்மாவே எடுத்துக்கொண்டார். டார்ச்சும் கையுமாகத் தெருவில் இறங்கிவிடுவார். எதிர் வீட்டுக்காரர் ஒருநாள் பஸ் ஸ்டாண்டுவரை வந்து என்னைப் பிடித்தார்.

"நர்சம்மா, அந்தம்மாகிட்ட கொஞ்சம் சொல்லுங்க. விடியறதுக்குள்ள ஜல்தி ஜல்தின்னு கதவ தட்டி ஃபிரிட்ஜ இழுக்க சொல்லுது. பெரிய பேஜாரா கீது."

"இழுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"இழுத்தோம். தட்டுல தண்ணி இருந்துச்சு" என்று முணுமுணுத்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.