ரசத்தில் கலந்த சீந்தில்

என் கணவருக்கு வேறொருவரின் நுரையீரல் பொருத்தி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. தினமும் காலையில் பசியாறுவதற்கு முன், கைக்கடக்கமான ஒரு கருவியில் மூச்சை இழுத்து ஊதுவார். அதில் தெரியும் எண்ணை நான் நோட்டில் எழுதுவேன். எண் ஏறினால் அன்று வீட்டில் பேச்சும் சிரிப்பும் இருக்கும். இறங்கினால், சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் எங்கள் பதினாறாவது மாடி வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

மருத்துவமனையில் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். புதிதாக வந்த நுரையீரலை உடம்பு அந்நியமாகத்தான் பார்க்கும், தாக்கும். அதனால் மாத்திரை கொடுத்து எதிர்ப்புச் சக்தியை ஆயுசுக்கும் அடக்கியே வைக்க வேண்டும். நானும் தலையாட்டினேன். ஆனால் மண்டையில் ஏறவில்லை. பக்கத்தில் யாராவது தும்மினாலே பதறுகிற மனுஷனுக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதாவது! நான் யார் சொன்னாலும் கேட்கிற ஆளில்லை. முப்பது வருடமாக அவரே அதைச் சொல்லிச் சிரிப்பார்.

தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனபோது, நாட்டு மருந்துக் கடையில் சீந்தில் பொடி வாங்கினேன்.

"எதிர்ப்புச் சக்திக்கு இத மிஞ்சி ஒன்னும் இல்லக்கா," என்றார் கடைக்காரர். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாத்திரைகளை நிமிடம் பிசகாமல் எடுத்துக் கொடுத்தவள் நான். ஆனால் பொடியை மருந்தென்றே நினைக்கவில்லை. ரசத்தில் போட்டுவிட்டால் அது சாப்பாடுதானே.

"என்ன, கசக்குது?" என்றார் அவர், முதல் வாய் ரசத்தைக் குடித்துவிட்டு.

"வெந்தயம் கொஞ்சம் கூடிப்போச்சு. குடிங்க."

இரண்டு மாதம் மிச்சம் வைக்காமல் குடித்தார். மூன்றாவது மாதம் எண் இறங்கத் தொடங்கியது. சரியாக ஊதவில்லை என்று மறுபடி ஊதச் சொன்னேன். மறுநாள் இன்னும் இறங்கியது. எம்ஆர்டி ரயில் நிலையப் படிக்கட்டில் பாதியில் மூச்சு வாங்க நின்று, போனைப் பார்ப்பதுபோல் நடித்தார். அன்றைக்கு ரசத்தில் பொடியை இன்னும் அரைக் கரண்டி கூட்டிப் போட்டேன்.

மருத்துவமனையில் எங்களைப் பார்த்த மருத்துவர் எங்கள் மகள் வயதுத் தமிழ்ப்பெண். ரத்தப் பரிசோதனை முடிவை எங்கள் பக்கம் திருப்பினார்.

"அங்கிள், இந்த லங்ஸுக்கு எதிரா உங்க உடம்பு ஆன்டிபாடி உண்டாக்கியிருக்கு. ரிஜெக்‌ஷன் ஆரம்பிச்சிருச்சு. இன்னைக்கே அட்மிட் பண்ணணும். மாத்திரை ஏதாச்சும் மிஸ் ஆச்சா? மூலிகை, சப்ளிமென்ட்?"

"சான்ஸே இல்ல டாக்டர். என் வைஃப் ரொம்ப ஸ்ட்ரிக்ட் லா," என்றார் அவர், பெருமையாக.

வாயை மூடிக்கொண்டால் என் மானம் பிழைக்கும். அவர் பிழைப்பாரா? சொல்லிவிட்டேன். சீந்தில், ரசத்தில், மூன்று மாதமாக.

மருத்துவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

"இதுதான் காரணம்னு சொல்ல முடியாது ஆன்ட்டி. இல்லேன்னும் சொல்ல முடியாது. உடனே நிறுத்திடுங்க. ட்ரீட்மென்ட் கொடுப்போம். ஆனா இழந்தது முழுசா திரும்ப வரும்னு ப்ராமிஸ் பண்ண மாட்டேன்."

கணவரை வார்டில் சேர்த்தார்கள், அவர் கையில் மருந்து ஏறத் தொடங்கியது. மதியச் சாப்பாடு வந்தது. நான் மூடியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினேன். சாப்பாட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுவரைக்கும் வேற என்னெல்லாம் போட்ட?"

"வேற ஒன்னுமே இல்லைங்க," என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.