பெங்களூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு, ஒரு கடிதத்துடன்

இந்தப் பயணக் குறிப்பை மூன்று மாதம் தாமதமாக எழுதுகிறேன். சண்டை ஓய்ந்த 1965 ஐப்பசியில், ஒன்றரை வயது ரமாவைத் தூக்கிக்கொண்டு புக்ககம் போனேன். என் கணவர் விமானப்படை விமானி. ‘காணவில்லை’ என்று தந்தி வந்திருந்தது. பிறகு, பக்கத்து விமானத்தில் பறந்த நண்பரின் கடிதம் வந்தது. அதைத் தபாலில் அனுப்ப மனமில்லாமல் ஒன்பது நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

காலை ஆறு மணி பஸ். சேலத்திலும் நாமக்கல்லிலும் மாற வேண்டும். 340 கிலோமீட்டர், பத்து ரூபாய்க்குள். குழந்தைக்குப் பால் நாமக்கல்லிலேயே வாங்கிவிடுங்கள். தொட்டியம் தாண்டும்வரை கடிதத்தையும் ரமாவின் நெற்றியையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தபடி இருந்தேன்.

நாலரைக்கு, கொள்ளிடத்துக்கு இக்கரையில் டோல்கேட் நிறுத்தம். அங்கிருந்து குதிரை வண்டி, ஒரு ரூபாய்.

“பாப்பா பயப்படுதா? இது கடிக்காதும்மா. நம்ம வீட்டுல இருக்கிறதுதான் கடிக்கும்,” என்றார் வண்டிக்கார பாய். “ஊருக்கு விசேஷத்துக்கா வர்றீங்க?”

“ஆமாங்க” என்று சொல்லிவிட்டேன்.

கொள்ளிடப் பாலத்தில் என் கணவர் நினைவுதான். அவர் ஓட்டியது, இங்கிலாந்தில் உரிமம் வாங்கிப் பெங்களூரில் நாமே கட்டிய குட்டிப் போர் விமானம். உயரமானவர்களுக்குக் கால் நீட்ட இடமிராது. பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டார் குள்ளம் என்று கேலி செய்த மனிதர், “என் அளவுக்குத் தைச்சது” என்பார். பின்லாந்தின் பனியிலும் அதே விமானம்தான் பறக்கிறது என்று பெருமைப்படுவார்.

மாமியார் வாசலிலேயே கேட்டார்: “வாடிம்மா. தகவல் உண்டோ?”

உறுதியான செய்தி இல்லாவிட்டால் பன்னிரண்டு வருடம் காத்திருந்துதான் காரியம் செய்ய வேண்டும் என்று புரோகிதம் பார்க்கும் வாத்தியார் சொல்லியிருந்தார். அந்தப் பன்னிரண்டையும் பிள்ளையின் ஆயுளாகவே மாமியார் எண்ணிக்கொண்டிருந்தார். அங்கே யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. கடைசி வரியை விட்டுவிட்டுப் படிக்கலாம் என்று பாலத்திலேயே நினைத்திருந்தேன். கடிதத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்து, அதற்கு முந்தின வரியில் நிறுத்தினேன்.

“குடை விரிஞ்சுதோன்னு எழுதியிருக்கானோ?” பாராசூட்டை அவர் அப்படித்தான் சொல்வார்.

“எழுதியிருக்கார்மா. விரியலையாம்.”

சற்றுநேரம் ரமாவின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மாமனாரிடம் திரும்பினார்: “வாத்தியாருக்குச் சொல்லி அனுப்புங்கோ. பிண்டம் வைக்காம, எம்பிள்ளை இத்தனை நாளாப் பட்டினியா இருக்கானே.”

மறுநாள், கிடைக்காத உடலுக்குப் பதிலாகத் தர்ப்பையில் உருவம் செய்தார்கள். சின்னதாக இருக்கிறதே என்று வாத்தியார் இன்னும் புல்லுக்குக் கை நீட்டினார். “போறும்,” என்றார் மாமியார். “அவன் குட்டைதான்.”

இப்படிப் போக நேர்கிறவர்களுக்கு: கடிதத்தைப் பெட்டியில் வைக்காதீர்கள். கைக்குழந்தைக்குக் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள், ஆற்றங்கரையில் குளிரும். முக்கியமாக, கடிதம் வந்த அன்றே கிளம்பிவிடுங்கள். நான் தாமதித்த ஒன்பது நாளும் அவர் பசியோடு இருந்தார் என்றுதான், ரமாவுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் தோன்றுகிறது.