அக்கா குத்திய மருந்து டப்பா

சின்னமனூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. பருத்திக்கு அடித்த பூச்சிமருந்து தீர்ந்ததும், அந்தத் தகர டப்பாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துச் சமையலறையில் வைத்துக்கொள்வது அப்போது எல்லா வீட்டிலும் வழக்கம். நானும் அப்படி ஒரு டப்பாவில் புதுக் கடலை எண்ணெயை ஊற்றி வைத்துவிட்டு மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போனேன்.

தலைவி பேச்சியம்மாள் அக்கா மதுரையில் விவசாயப் பயிற்சி முடித்து வந்திருந்தார். தன் வீட்டு உப்பு டப்பாவை எங்கள் நடுவே வைத்தார்.

"இது மருந்து டப்பா. எத்தனை தடவ கழுவினாலும் விஷம் போகாதுன்னு அங்கன சொன்னாக. நானும் தெரியாமத்தான் வச்சிருந்தேன்" என்றவர், உப்பை அங்கே தோண்டி வைத்திருந்த குழியில் கொட்டிவிட்டு டப்பாவைக் கடப்பாரையால் குத்தினார்.

என் வீட்டு எண்ணெய் டப்பா நினைவுக்கு வந்தது. அவரே தன் வீட்டுக் கதையைச் சொன்னதால்தான் என்னாலும் வாய் திறக்க முடிந்தது.

"அக்கா, நான் எண்ணெய ஊத்திட்டேன். இன்னும் தாளிக்கல."

"பொழச்ச ஆத்தா. வா."

அவர் முன்னால் நடக்க, கூட்டம் முழுவதும் எங்கள் வீட்டுக்கு வந்தது. "புது எண்ணெயக் கொட்டவா போறீக?" என்று என் மாமனார் மறித்தார்.

"பேரப்புள்ளைக தட்டுல ஊத்துவீகளா மாமா?" என்று அக்கா நிதானமாகக் கேட்டார். மாமனார் விலகி நின்றார்.

இப்போது தீர்ந்த டப்பாவை நாங்கள் வீட்டுக்கே கொண்டுவருவதில்லை. வரப்பிலேயே ஓட்டை போட்டுவிடுகிறோம். மறக்காமல் கடப்பாரையைத் தோளில் வைத்து வருகிறவர் மாமனார்தான்.